நல்ல மாண்டலினும் அதன் பெட்டியும்: எதைப் பார்த்து எடுப்பது?

எட்டுத்தந்தி எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒட்டுப்பலகையில் செய்த மாண்டலின் ஒன்றை வாசித்து வருகிறேன். அழுத்தி மீட்டினால் கத்துகிறது, மெதுவாக மீட்டினால் முனகுகிறது. இரண்டுக்கும் நடுவில் அதனிடம் ஒன்றும் இல்லை. வாழ்நாளுக்கு ஒன்று என்று நல்லதாக வாங்குவதற்குப் பணம் சேர்த்துவிட்டேன். மூன்று கருவிகளை வாசித்துப் பார்த்தேன்.

முதலாவது, எஃப்-5 என்ற வகையில் புதிய கருவி. தோளில் சுருள், ஓரத்தில் கூர்முனைகள் என்று பார்த்தவுடன் கை தானாக நீளும் வடிவம். இரண்டாவது, அதே பட்டறையில் செய்த ஏ-5. நீர்த்துளி வடிவம், சுருள் இல்லை. மரமும், 'f' எழுத்து வடிவிலான எஃப் துளைகளும் முதலாவதைப் போலவே. மூன்றாவது, 1920களின் நடுவில் கிப்சன் நிறுவனம் செய்த ஏ வகை. நீள்வட்டத் துளை, கழுத்தின் நுனியில் முறுக்காணிகள் உள்ள தலை மேலே போகப் போகக் குறுகுகிறது. இது தனது பழைய பெட்டியோடு வருகிறது. உள்ளே வெல்வெட் துணி, வெளியே உரிந்த கறுப்புத் தோல். பெட்டியைத் திறந்தபோது வந்த வாசனையிலேயே பாதி மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்விகள் இரண்டு. மூன்றில் எது? எடுத்த பிறகு எந்தப் பெட்டி?

ஊமைவிரல் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எஃப்-5 எடுங்கள். வாழ்நாளுக்கு ஒன்று என்கிறீர்கள். ஏ எடுத்தால் பத்து ஆண்டுகள் கழித்தும் "அந்தச் சுருள் இருந்திருந்தால்" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அழகும் ஒரு காரணம்தான். தினமும் கையில் எடுக்கத் தூண்டும் கருவியே நல்ல கருவி.

வஜ்ஜிரம் எழுதியது:

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கருவிகளைப் பிரித்து ஒட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சுருளுக்கு ஒலியில் பங்கு மிகக் குறைவு. அதைச் செதுக்கி, வளைவைச் சுற்றி விளிம்புப் பட்டையை ஒட்டி, முனைகளில் பட்டைகள் கோடு தவறாமல் சேரும்படி இழைப்பதற்கு நாட்கணக்கில் கைவேலை ஆகும். எஃப் வடிவத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த நாட்களுக்கான கூலி. அது தவறு என்று சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

எஃப் எடுப்பதாக இருந்தால், சுருள் சுழன்று முடியும் உட்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடுக்கில் உப்புத்தாள் நுழையாது. சிறு கத்தியால் சுரண்டித்தான் மட்டமாக்க வேண்டும். அங்கே சாயம் திட்டுத்திட்டாக நின்றாலோ பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே பசைக்கோடு தெரிந்தாலோ, செய்தவருக்கு அவசரம் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே அவசரப்பட்டவர் உள்ளே என்ன செய்திருப்பார்?

முதுகிலுள்ள மேப்பிள் மரத்தின் புலிவரிகளைப் பார்த்தும் மயங்காதீர்கள். வரி கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். காது தேடுவது மேற்பலகையில் இருக்கிறது: ஸ்ப்ரூஸ் மரத்தின் தரம், அதைச் செதுக்கிய கனம், உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகள்.

எட்டுத்தந்தி எழுதியது:

நன்றி ஐயா. அப்படியானால் எஃப்-5க்கும் ஏ-5க்கும் ஒலியில் வேறுபாடே இல்லையா? ஆனால் அந்தப் பழைய நீள்வட்டத் துளைக் கருவி இரண்டையும்விட முற்றிலும் வேறாக ஒலிக்கிறதே. மெல்லிய, உருண்டையான நாதம். கார்வை நீண்டு நிற்கிறது.

வஜ்ஜிரம் எழுதியது:

ஒரே பட்டறை, ஒரே மரம், ஒரே கைவேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்துவது கடினம். நண்பர் ஒருவரை மறைவில் உட்கார வைத்து மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே முடிவு கட்டலாம்.

நீள்வட்டத் துளையின் கதை வேறு. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முன்பு மாண்டலின் என்றால் பூசணியைப் பாதியாக வெட்டியது போன்ற முதுகு. மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்வார்கள். ஆர்வில் கிப்சன் வயலினைப் போலக் கனமான பலகையிலிருந்து மேலும் கீழும் வளைவாகச் செதுக்கிச் செய்யும் முறைக்கு 1898இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் அமெரிக்காவின் கலமசூ நகரில் நிறுவனம் தொடங்கியது 1902இல். அந்தக் காலத்து ஏ, எஃப் இரண்டு வகைகளிலும் ஒற்றைத் துளைதான்.

1922இல் வந்த எஃப்-5இல், கிப்சன் நிறுவனத்தில் கருவிகளை வடிவமைத்த லாயிட் லோர் காலத்து மாற்றங்கள் சேர்ந்தன. வயலினைப் போல இரண்டு எஃப் துளைகள், மேற்பலகையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும் விரற்பலகை, அடியில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள். இவற்றைவிடப் பெரிய மாற்றம் கழுத்தில் நடந்தது. பழைய ஏ வகையில் 12ஆம் மெட்டில், அதாவது விரற்பலகையில் குறுக்கே பதித்த 12ஆம் கம்பியில், கழுத்து உடலோடு சேரும். எஃப்-5இல் 15ஆம் மெட்டில் சேரும். தந்தியின் நீளம் கிட்டத்தட்ட அதே 35 சென்டிமீட்டர்தான் என்பதால், கழுத்து வெளியே நீண்ட அளவுக்கு, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை மேற்பலகையின் நடுப்பக்கம் நகர்ந்துவிட்டது. மத்தளத்தை ஓரத்தில் தட்டுவதற்கும் நடுவில் தட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி முன்னே பாய்கிறது, வெட்டு கூர்மையாகிறது, கார்வை சற்றுக் குறைகிறது. நீங்கள் கேட்ட வேறுபாடு அதுதான். சுருளுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

லோர் 1924 முடிவில் நிறுவனத்தை விட்டுப் போனார். அவர் கையெழுத்திட்ட எஃப்-5 கருவிகளைத்தான் இன்றும் பலர் படியெடுக்கிறார்கள். அவர் கையெழுத்தோடு அறியப்பட்ட ஏ-5 ஒன்றே ஒன்று. அதைக் கேட்டவர்கள் யாரும் சுருள் இல்லையே என்று குறைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊமைவிரல் எழுதியது:

கேட்டவர்கள் குறைப்பட மாட்டார்கள். வாங்கியவரைக் கேட்க வேண்டும்.

மாலைநேரம் எழுதியது:

மரத்தையும் வரலாற்றையும் பேசுகிறீர்கள். இவர் எங்கே, யாரோடு வாசிக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுவில் வாசிப்பவருக்கு "சாப்" என்ற வெட்டுத் தட்டல் உயிர். இடது விரலைச் சட்டென்று தளர்த்தி, ஒலியைப் பிறந்த கணத்திலேயே நிறுத்திவிடுவது. குழுவில் தாளம் போடுகிறவர் மாண்டலின்காரர்தான். அதற்கு எஃப் துளை வேண்டும். அயர்லாந்து மெட்டுகளையோ தனியாக மெல்லிசையோ வாசிப்பவருக்கு நீள்வட்டத் துளை இனிக்கும். கர்நாடக சங்கீதம் என்றால் இந்த மூன்றுமே கேள்விக்குறி. இரட்டைத் தந்திகளை இழுத்துக் கமகம் கொண்டுவருவது விரலுக்குத் தண்டனை. இரண்டும் ஒரே அளவு இழுபடாவிட்டால் சுருதி பிசகும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுத் தந்திக் கருவியை விட்டு, ஒற்றைத் தந்திகள் கட்டிய மின் மாண்டலினுக்குப் போனதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அது வேறு குடும்பம்; அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

வாசித்துப் பார்க்கும்போது நான் செய்வது இது. தந்தியை மீட்டும் என்னுடைய பிக்கைக் (சிறு தகடு) கொண்டு போவேன், ஏனென்றால் பிக் மாறினால் பாதி ஒலி மாறிவிடும். முதலில் நானே வாசிப்பேன். பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லிப் பத்து அடி தள்ளி நிற்பேன். மாண்டலினின் ஒலி முன்பக்கம் போகிறது; மடியில் வைத்திருப்பவருக்குக் கேட்பது மிச்சம் மீதிதான். கடைசியாக, மிக மெதுவாக மீட்டுவேன். எந்தக் கருவியும் ஓங்கி மீட்டினால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். மூச்சு அளவுக்கு மீட்டும்போதும் சொல் தெளிவாகக் கேட்டால் அது நல்ல கருவி.

இன்னொன்று. தடித்த ஜி தந்திகளை 7ஆம் மெட்டுக்கு மேலே கேளுங்கள். மலிவான கருவிகள் அங்கே தொண்டையில் துணி அடைத்ததுபோல் ஆகிவிடும்.

எட்டுத்தந்தி எழுதியது:

நீங்கள் கேட்டது என்னைச் சங்கடப்படுத்துகிறது. குழுவில் வாசிப்பது மாதத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் எழுப்பாமல். ஆனால் வாங்கப் போனபோது என் மனத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மூட்டைமுடிச்சு எழுதியது:

பெட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், என் காயத்தை வைத்தே சொல்கிறேன்.

நல்ல மாண்டலினை, பார்க்கக் கெட்டியாக இருந்த ஒட்டுப்பலகைப் பெட்டியில் வைத்து ஏழு ஆண்டுகள் அலைந்தேன். ஒருநாள் பெட்டி நின்ற நிலையிலிருந்து மல்லாந்து விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. பெட்டியில் ஒரு கீறலும் இல்லை. திறந்தால், தலை கழுத்திலிருந்து ஒடிந்து தந்திகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் தலைக்குப் பின்னால் பஞ்சு வைத்த மேடு ஒன்று இருந்தது. தலை அதன் மேல் சாய்ந்திருந்தது. விழுந்த வேகம் முழுவதும் தலையில் இறங்கிவிட்டது. தலை சாய்ந்து திரும்பும் அந்த இடத்தில்தான் கழுத்து மிக மெல்லியது.

அதன் பிறகு கற்றுக்கொண்ட பாடம்: தலை எதையும் தொடக் கூடாது. பின்னாலும் கூடாது, நுனியிலும் கூடாது, பக்கங்களிலும் கூடாது. கழுத்தைக் கீழிருந்து ஒரு தாங்கி பிடிக்க வேண்டும். உடலை ஓரங்களில் பிடிக்க வேண்டும். மூடி குதிரையை அழுத்தக் கூடாது. ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியைக் குதிரையின் மேல் லேசாகத் தடவி, பெட்டியை மூடித் திறந்து, மூடியின் துணியில் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மூடி மேல் யாராவது உட்கார்ந்தால் குதிரை நேராக மேற்பலகைக்குள் இறங்கிவிடும்.

ஊமைவிரல் எழுதியது:

படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஒட்டினார்களா?

மூட்டைமுடிச்சு எழுதியது:

ஒட்டினார்கள். சுத்தமான முறிவு என்பதால் நன்றாகவே ஒட்டியது. கோடு தெரிகிறது. நான் பார்ப்பதில்லை.

வஜ்ஜிரம் எழுதியது:

ஒட்டிய தலையோடு ஐம்பது ஆண்டுகள் ஓடும் கருவிகள் உண்டு, மனத்தைத் தளரவிடாதீர்கள். ப்ளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் மாண்டலின் 1923 ஜூலை 9ஆம் தேதியிட்ட லோர் கருவி. 1985இல் ஒருவர் வீடு புகுந்து கணப்படுப்புக் கம்பியால் அதை அடித்துச் சிதைத்தார். சில்லுகளைப் பொறுக்கி கிப்சன் நிறுவனத்தில் மறுபடி கோத்து எடுத்தார்கள். அவர் அதையே தொடர்ந்து வாசித்தார். அதற்கு எந்தப் பெட்டியும் உதவியிருக்காது என்பது வேறு விஷயம்.

பெட்டி வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. துணிப்பை மழைக்கும் தோளுக்கும் மட்டும். கெட்டி நுரைப்பெட்டி எடை குறைவு. பஸ்ஸில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். ஒட்டுப்பலகைப் பெட்டி, மூட்டைமுடிச்சு சொன்ன அளவுகள் பொருந்தினால் போதுமானது. ஃபைபர் கிளாஸ் பெட்டி, கால்டன் வகையைப் போன்றது, வாழ்நாளுக்கு வரும். கனமும் வாழ்நாளுக்கு வரும். கார்பன் ஃபைபர் அதே உறுதியைக் குறைந்த எடையில் தருகிறது, விலையில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. விமானத்தில் சரக்கோடு போடும் நிலை அடிக்கடி வருமானால் கடைசி இரண்டில் ஒன்று. வீட்டுக்கும் வகுப்புக்கும் மட்டும் என்றால் அந்தப் பணத்தை மாண்டலினில் போடுங்கள்.

ஏ வடிவத்தை எஃப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே ஆடும் கருவி, பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கிலுகிலுப்பைக்குள் கிடக்கும் மணிதான்.

மாலைநேரம் எழுதியது:

அந்தப் பழைய பெட்டி? அதைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கருவியோடு பிறந்த பெட்டியைப் பிரிக்கக் கூடாது. நூறு ஆண்டுகள் அந்த மரத்தைக் காப்பாற்றியது அதுதானே?

வஜ்ஜிரம் எழுதியது:

பிரிக்க வேண்டாம். அதில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். நூறாண்டுப் பெட்டியின் கீல் ஆணிகள் துருப்பிடித்திருக்கும், கைப்பிடித் தோல் உலர்ந்திருக்கும். கைப்பிடி எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. நடுத்தெருவில் அறும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாசனை என்கிறீர்களே, அதில் பாதி பூஞ்சணம். வெல்வெட்டைத் தூரிகையால் துடைத்து நிழலில் திறந்து வையுங்கள். துணியில் சிறு ஓட்டைகள் இருந்தால் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே மரத்தை வைக்க வேண்டும். புதுப் பெட்டியில் வைத்து வாசியுங்கள், பழைய பெட்டியைப் பரணில் பத்திரப்படுத்துங்கள். விற்கும் நாள் வந்தால் இரண்டும் சேர்ந்து போகட்டும்.

புதுப் பெட்டியிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய வார்னிஷும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் சில ரப்பர், வினைல் பொருட்களோடு ஒத்துப்போகாது. வினைல் தோள்வாரை மாண்டலினோடு சேர்த்து மாதக்கணக்கில் மூடி வைத்தால், வார் பட்ட இடத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். வாரைக் கழற்றித் தனியே வையுங்கள்.

வடக்குச்சுவர் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஈரப்பதத்தைச் சொல்லாமல் பெட்டியைப் பேசி முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. செதுக்கிய பலகைக் கருவிக்கு 40 முதல் 50 சதவீதம் வரை ஏற்றது. வறண்டால் மேற்பலகை தாழும், விரற்பலகை சுருங்கி மெட்டுகளின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். அதற்கும் மேல் போனால் விரிசல். ஈரம் கூடினால் பலகை உப்பித் தந்திகள் உயரும்.

பெட்டிக்குள் ஒரு சிறு ஈரப்பதமானி வையுங்கள். ஆனால் அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒருநாள் முழுக்க வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பொய்யை நம்பி மாண்டலினுக்குத் தேவைக்கு மேல் ஈரம் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் எந்தப் பெட்டியும் பெட்டியல்ல, அடுப்பு.

வஜ்ஜிரம் எழுதியது:

கடைசி வரியை யாராவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நான் பெயராக வைத்திருக்கும் வஜ்ஜிரப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். அதனால்தான் பிரித்துப் பழுதுபார்க்க முடிகிறது. அதனால்தான் வண்டியில் விட்டால் தானே பிரிகிறது.

எட்டுத்தந்தி எழுதியது:

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

மறைவில் வைத்து வாசிக்கச் சொன்னேன். எஃப்-5, ஏ-5 இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை. ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். நண்பர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. ஆனால் பழைய ஏ வகையைப் பத்துக்குப் பத்து சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதித்தார்கள். இரவில் தலையணைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு மீட்டியும் ஒவ்வொரு சுரமும் முழுதாக நின்றது. மற்ற இரண்டும் அந்த அளவில் கிசுகிசுத்தன. குழுவில் ஒருநாள் கொண்டு போனேன். பாஞ்சோவுக்குக் கீழே காணாமல் போனேன். உண்மையை மறைக்கவில்லை.

பழையதையே எடுத்துவிட்டேன். புதிதாக ஏ வடிவப் பெட்டியும் வாங்கினேன். தலை தொடவில்லை, சுண்ணக்கட்டித் தடம் விழவில்லை. வார் தனியே இருக்கிறது. பழைய பெட்டியின் பையில் வளைந்து காய்ந்த பிக் ஒன்று கிடைத்தது. உரிமையாளர் எத்தனை பேரோ, யாருடையதோ.

ஊமைவிரல் எழுதியது:

வாழ்த்துகள். சுருள் இல்லையே என்று நான் இன்னும் வருந்துகிறேன், உங்களுக்காக.

வஜ்ஜிரம் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. வாங்குவதற்கு முன் உள்ளே பார்த்தீர்களா? சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டுத் துளை வழியாகத் தாங்குகட்டையைப் பார்க்க வேண்டும். மேற்பலகை குதிரைக்கு அடியில் அமுங்கியிருக்கிறதா? கழுத்துக்குள் சரிசெய்யும் இரும்புக் கம்பி உள்ளதா? அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் இருக்கும். 12ஆம் மெட்டில் தந்தி எவ்வளவு உயரம்?

எட்டுத்தந்தி எழுதியது:

கம்பி இருக்கிறது. கட்டை பிரியவில்லை, கண்ணாடி விட்டுப் பார்த்தேன். பலகை லேசாக அமுங்கியிருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக. உயரம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஒரே ஒரு சிக்கல்: ஏ தந்தியும் ஈ தந்தியும் மேலே போனால் சுருதி கூடுகிறது. ஜி சரியாக இருக்கிறது.

வஜ்ஜிரம் எழுதியது:

குதிரையை யாரோ கோணலாக நிறுத்தியிருக்கிறார்கள். மாண்டலினில் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எட்டுத் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 80 கிலோ. அதனால் எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். குதிரை விழும், இடம் மறந்துபோகும். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஈ பக்கக் காலை மட்டும் வால்பக்கமாக அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். 12ஆம் மெட்டின் மேல் தொட்டு எழுப்பும் மெல்லொலியும் அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாகும் வரை.

அதற்கு முன் ஒரு மெல்லிய காகிதத்தைக் குதிரையின் காலுக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். சுற்றிலும் எங்கும் நுழையக் கூடாது.

எட்டுத்தந்தி எழுதியது:

நுழைகிறது. ஈ பக்கத்தில், வெளி ஓரத்தில், நகத்தளவு உள்ளே போகிறது.

வஜ்ஜிரம் எழுதியது:

அப்படியானால் நகர்த்துவது பிறகு. கால் பலகையின் வளைவோடு பொருந்தவில்லை; அந்த ஓரத்தில் ஒலி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து அடியை இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பழைய குதிரையைத் தூக்கிப் போட விடாதீர்கள். இழைத்த பிறகு அதே ஏ தந்தியை அதே பிக்கால் மீட்டிவிட்டு வந்து எழுதுங்கள். இப்போது நீங்கள் கேட்டிருப்பது அதன் முழுக் குரல் இல்லை.